அவள் கோதுமை நிறம் என்று எழுதுவதற்கு முன்

நான் எழுதிய முதல் கதையின் நாயகி கோதுமை நிறம். கதை நடப்பது கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல் கிராமத்தில். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஓர் இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "இந்த ஊரில் கோதுமை எங்கே விளைகிறது?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். எனக்கு முகம் செத்துப்போயிற்று. அந்த ஊரில் விளைவது கம்பு, சோளம், உளுந்து, பருத்தி. கோதுமை என்பது ரேஷன் கடையில் வாங்கி மில்லில் திரித்து வைப்பது. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, சர்க்கரை நோய்க்காரருக்கு ராத்திரிச் சப்பாத்தி. நீலகிரியில் வெலிங்டன் பக்கம் கோதுமை ஆராய்ச்சி நிலையமே ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தப் பக்கம் போகாத நம்மில் பலர் கோதுமையை நின்ற பயிராகப் பார்த்ததே கிடையாது. பிறகு என் நாயகிக்கு அந்த நிறம் எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மணமகள் தேவைப் பத்தியிலிருந்து.

புதிதாகக் கதை எழுத வருகிறவர்களிடம் இந்தத் தவறு திரும்பத் திரும்ப வருகிறது. பால் நிறம், தேன் நிறம், சாக்லேட் மேனி, நாவல்பழக் கறுப்பு என்று தோலின் நிறத்தைச் சமையலறையிலிருந்தே எடுக்கிறோம். எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. உணவுச் சொல், பார்க்கப்படுகிறவரைப் பற்றிக் கொஞ்சமும் பார்க்கிறவரைப் பற்றி நிறையவும் சொல்லிவிடும். அது தெரிந்து பயன்படுத்தினால் நல்ல கருவி. தெரியாமல் பயன்படுத்தினால் என் கோதுமைதான். கைப்பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் செய்து பாருங்கள்.

1. முதலில் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பாத்திரத்தின் பெயர், இரண்டாவதில் அவர் நிறத்துக்கு நீங்கள் எழுதிய சொல், மூன்றாவதில் அந்தச் சொல்லைச் சொல்வது யார்: கதைசொல்லியா, வேறொரு பாத்திரமா, அவரேயா. சிறுகதை என்றால் இருபது நிமிஷ வேலை.

என் கதைக்கு இதைச் செய்தபோது நாயகிக்கு நிறம் இருந்தது, அவள் தங்கைக்கு இருந்தது, ஆடு மேய்க்கும் பையனுக்கு இருந்தது. நாயகனுக்கு இல்லை. பண்ணையாருக்கு இல்லை. பள்ளிக்கூட வாத்தியாருக்கும் இல்லை. யாரைச் சும்மா உற்றுப் பார்க்கலாமோ அவர்களுக்கு மட்டும் தோல் இருந்தது. மற்றவர்களுக்குப் பெயரும் வேலையும் போதுமாக இருந்தன. உங்கள் தாளிலும் ஏறக்குறைய இப்படித்தான் வரும்.

நிறம் தெரியாமலேயே கதை நடக்கும் என்றால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பாதிப் பட்டியல் இந்தப் படியிலேயே கரைந்துபோகும்.

2. வெறும் சொல்லை முதலில் வைத்துப் பாருங்கள்

கறுப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு, வெளுப்பு. இந்த ஐந்தும் நம் வீடுகளில் தினமும் புழங்குகிறவை. இலங்கைத் தமிழர் மணமக்கள் விளம்பரங்களில் 'பொது நிறம்' என்றும் பார்க்கலாம். உவமை எதுவும் சேர்க்காமல், "ஆள் கறுப்பு, நெட்டை" என்று எழுதினால் வாசகருக்கு ஆள் தெரிந்துவிடும். காணவில்லை அறிவிப்புகளைக் கவனித்துப் பாருங்கள். நிறம் மாநிறம், உயரம் இவ்வளவு, காணாமல் போன அன்று உடுத்தியிருந்தது இன்ன சட்டை. அங்கே யாரும் தேன் நிறம் என்று போடுவதில்லை. ஆளைத் தேட வேண்டுமே.

சிவப்பு என்கிற சொல்லில் மட்டும் கொஞ்சம் கவனம். நாம் மனிதருக்குச் சொல்லும் சிவப்பில் சிவப்பே கிடையாது, வெளுத்த நிறத்தைத்தான் அப்படிச் சொல்கிறோம். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் தமிழ்க் கதை படிக்கும்போது "செக்கச் செவேல் என்று இருந்தாள்" என்பதைப் படித்துவிட்டு வெயிலில் வெந்துபோன வெள்ளைக்காரியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்புறம், கறுப்பா கருப்பா என்ற சண்டை. இரண்டும் அச்சில் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே வையுங்கள், வேலை நடக்கட்டும்.

இந்த ஐந்தில் எனக்குப் பிடித்தது மாநிறம். மா என்றால் பழைய தமிழில் கருமை என்றும் பொருள், மாமரம் என்றும் பொருள். மாமை என்ற நிறத்தை உரைகாரர்கள் மாந்தளிரோடு சேர்த்துச் சொல்வார்கள். உணவுச் சொல்லே தொடமாட்டேன் என்று சபதம் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்: நம்முடைய மிகச் சாதாரணமான நிறச் சொல்லுக்குள் ஒரு மாமரமே நிற்கிறது. ஆனால் அங்கே பழம் இல்லை. செம்பும் கருமையும் கலந்து மினுங்குகிற இளந்தளிர்தான் இருக்கிறது, அதை யாரும் பறித்துத் தின்பதில்லை.

மாமை அன்று குறையாக எண்ணப்பட்ட நிறமில்லை. குறுந்தொகை 27ஆம் பாட்டில் வெள்ளிவீதியாரின் தலைவி, கன்றும் குடிக்காமல் கறவைப் பாத்திரத்திலும் விழாமல் நிலத்தில் சிந்திப்போன பாலைப்போல் என் அழகு வீணாகிறது என்கிறாள். அந்த அழகுக்கு அவள் வைக்கும் பெயர் 'என் மாமைக் கவின்'. அதை எது அழிக்கிறது? பசலை, அதாவது மேனி வெளிறிப்போவது. அந்தப் பாட்டில் பால் வருகிறது, ஆனால் அவள் நிறத்துக்கு உவமையாக இல்லை, வீணாய்ப்போனதற்கு உவமையாக. தின்னுகிற வேலையும் நடக்கிறது, பசலைதான் அவள் நிறத்தைத் தின்னுகிறது. பால் நிறம் என்று பெருமையாக எழுதும் இன்றைய கதாசிரியர் அந்தத் தலைவியிடம் போய் நின்றால், உடம்புக்கு என்ன என்று கேட்டிருப்பாள்.

3. உணவுச் சொல் வந்தே தீரும் என்றால்

அதை மூன்று கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தச் சொல் நிறத்தைச் சொல்கிறதா, ருசியைச் சொல்கிறதா? இரண்டும் கலந்துதான் வரும், சிக்கலும் அங்கேதான். ஆழ்வார்களும் நாயன்மார்களும் இறைவனைத் தேன், பால், கரும்பு, அமுது என்று வாய் ஓயாமல் பாடியிருக்கிறார்கள். அது இனிப்புக்கு. திருமாலின் நிறத்துக்கு வரும்போது ஆழ்வார்கள் பெரும்பாலும் அடுப்பங்கரைக்குப் போகவில்லை, மேகம், கடல், மலை, காயாம்பூ என்று வெளியே போனார்கள். திருக்குறளில் காமத்துப்பாலின் 1107ஆம் குறள் இன்னும் சுவாரசியம். 'அம்மா அரிவை' என்று மாமை நிறப் பெண்ணையும் சொல்கிறது, சாப்பாட்டையும் சொல்கிறது. ஆனால் சாப்பாடு அவள் தோலுக்கு உவமை இல்லை. தன் வீட்டில் இருந்துகொண்டு, தன் உழைப்பில் வந்ததைப் பகிர்ந்து உண்பது போன்ற நிறைவு அவளைத் தழுவுவதில் இருக்கிறது என்கிறார். அங்கே உணவு தலைவனுடைய அனுபவத்துக்கு உவமை. இந்த நூலிழை வித்தியாசம் பிடிபட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

இரண்டாவது கேள்வி: எந்த நிறத்துக்கு எந்தப் பண்டம் விழுகிறது? நம் பேச்சில் புழங்கும் பட்டியலை எழுதிப் பார்த்தால் தெரியும். வெளுத்த நிறத்துக்குப் பால், பாலாடை, பால்கோவா, எலுமிச்சம்பழம், தக்காளி, பப்பாளி. கறுத்த நிறத்துக்குக் கருகின தோசை, கரிச்சட்டி, கருவாடு. ஒரு பக்கம் விருந்துப் பண்டம், இன்னொரு பக்கம் அடுப்பில் மறந்துபோனது. கருப்பட்டியும் நாவல்பழமும் மட்டும் நடுவில் கொஞ்சம் மரியாதையோடு நிற்கின்றன. நாவல்பழத்தைக்கூடப் பெரும்பாலும் பாராட்டிவிட்டு "ஆனாலும் களையான முகம்" என்று ஒரு வால் சேர்க்காமல் விடுவதில்லை. உங்கள் வாக்கியத்தில் 'கறுப்புதான், ஆனாலும்' என்ற வால் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நறுக்குங்கள்.

மூன்றாவது கேள்வி என் நண்பர் கேட்டதுதான். அந்தப் பண்டம் கதை நடக்கும் மண்ணில் உண்டா? கேப்பைக் களி கிண்டிச் சாப்பிடும் வீட்டில் ஒரு பாட்டி தன் பேரனைக் கேப்பைக் களி நிறம் என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவளுக்கு அது பசி ஆற்றிய நிறம். கோதுமை நிறம் என்பதோ இந்திய ஆங்கிலத்தின் கல்யாண விளம்பரங்களிலிருந்து தமிழுக்கு இறங்கியது. ஸ்பானிய மொழியிலும் போர்த்துகீசிய மொழியிலும்கூடக் கோதுமையிலிருந்து பிறந்த நிறச் சொல் மனிதருக்கு உண்டு. கோதுமை தின்னும் ஊர்களில் அது பொருந்துகிறது, விட்டுவிடலாம்.

போர்த்துகீசிய மொழியின் பேச்சு வந்ததால், அந்த மொழி பேசும் பிரேசிலைப் பற்றி ஒன்று. 1976இல் அங்கே அரசு எடுத்த குடும்பக் கணக்கெடுப்பில் மக்களிடம் உங்கள் நிறம் என்ன என்று பட்டியல் கொடுக்காமல் கேட்டார்கள். நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட வேறு வேறு பதில்கள் வந்தன. காப்பி, பால் விட்ட காப்பி, சாக்லேட், பட்டை, கோதுமை, ஜாம்போ. இந்த ஜாம்போ நம் ஜம்பு நாவலின் உறவுக்காரப் பழம். பழமும் சரி பெயரும் சரி, இந்தியப் பக்கத்திலிருந்து போர்த்துகீசியரோடு போனவை. அங்கே மக்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர்கள் இவை. ஒருத்தி தன்னைப் பார்த்து "நான் கருப்பட்டி" என்று சிரிப்பது வேறு, அவளைக் கருப்பட்டி என்று கதைசொல்லி விவரிப்பது வேறு. முதல் படியில் மூன்றாவது கட்டம் போடச் சொன்னது இதற்காகத்தான்.

4. இறக்குமதிச் சரக்கைத் தனியாகப் பிரியுங்கள்

சாக்லேட் மேனி, காரமெல் நிறம், காப்பி நிறத் தோள்கள். இவை ஆங்கிலக் கதைகளிலிருந்தும் அழகுசாதன டப்பாக்களின் லேபிள்களிலிருந்தும் வருகின்றன. ஆங்கிலத்தில் இப்போது பல எழுத்தாளர்களும் எடிட்டர்களும் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தேய்வழக்காகிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று வரலாறு. அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியத் தீவுகளிலும் கரும்பும் காப்பியும் கொக்கோவும் பயிரிட ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுபோனார்கள். எந்தப் பண்டத்துக்காக விற்கப்பட்டார்களோ அதையே அவர்களின் வாரிசுகளின் தோலுக்குப் பெயராக வைப்பது நெருடத்தானே செய்யும்.

இது அவர்கள் கதை, நமக்கென்ன என்று விட முடியாத ஓர் இடம் உண்டு. இலங்கையின் மலையகத்தில் தேயிலைக்கு முன்னால் காப்பித் தோட்டங்கள்தான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் அந்தத் தோட்டங்களுக்கு இங்கிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறியவர்கள் அவர்கள், வழியிலேயே செத்தவர்களும் நிறைய. 1869இல் இலைத்துரு நோய் தோன்றிக் காப்பி அழிந்த பிறகுதான் தேயிலை ஆட்சிக்கு வந்தது. மலையகப் பெண்ணை நாயகியாக வைத்து "காப்பி நிறத்தாள்" என்று எழுதினால், அங்கே வாசிக்கிற ஒருவர் காதில் அது எப்படி விழும் என்று யோசித்துவிட்டு எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் சாக்லேட் என்பது கறுத்த தோலுக்கு. தமிழில் சாக்லேட் பாய் என்றால் யார்? வெளுப்பாய், மழமழவென்று, பெண் ரசிகைகள் கூட்டத்தோடு இருக்கும் சினிமா நாயகன். நமக்குச் சாக்லேட் இனிப்பு மட்டும்தான், அதன் நிறம் நம் கண்ணிலேயே படவில்லை. அதனால் 'சாக்லேட் நிறத் தோல்' என்று அப்படியே இறக்கினால் தமிழ் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. காப்பி இன்னும் மோசம். கும்பகோணம் டிகிரி காப்பியா, பால் விடாத டிக்காக்‌ஷனா, காப்பிக்கொட்டையா? மூன்றுக்கும் மூன்று நிறம்.

பண்டங்களுக்கு மனிதரைவிட மதிப்பு அதிகம் என்பதற்குப் புகைப்படத் தொழிலில் ஒரு கதை இருக்கிறது. பழைய கலர் ஃபிலிம்கள் வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்துத் தயாரானவை. கறுத்த முகங்கள் அதில் விவரமே இல்லாமல் இருட்டாக விழும். கோடாக் நிறுவனம் பழுப்பு நிறங்களைச் சரியாகப் பிடிக்கும்படி ஃபிலிமை மேம்படுத்தியதற்கு ஒரு முக்கியக் காரணம் சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி மேஜை விற்பவர்களும் செய்த புகார்கள் என்று கனடா ஆய்வாளர் லோர்னா ராத் எழுதியிருக்கிறார். பால் சாக்லேட்டுக்கும் கறுப்புச் சாக்லேட்டுக்கும் விளம்பரத்தில் வித்தியாசம் தெரியவில்லையாம். வெளுத்த முகத்தையும் கறுத்த முகத்தையும் ஒரே படத்தில் எடுக்க முடியாத சங்கடம் அவ்வளவு காலமும் இருந்துகொண்டுதான் இருந்தது.

கிரேயான் டப்பாவிலும் இது நடந்தது. கிரயோலா நிறுவனம் இளஞ்சிவப்பு கலந்த ஒரு வண்ணத்துக்குச் 'சதை' என்று பெயர் வைத்திருந்தது, எல்லார் சதையும் அந்த நிறம் என்பதுபோல. 1962இல் அதை மாற்றினார்கள். எதற்கு மாற்றினார்கள் தெரியுமா? 'பீச்' பழத்துக்கு. மனிதத் தோலின் பெயரை எடுத்துவிட்டுப் பழத்தின் பெயரை வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. எழுத்தாளருக்கு அந்த வழி கிடையாது, நாம் எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டியிருக்கிறது.

புடவைக் கடைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. மாம்பழக் கலர், வெங்காயத் தோல் கலர், கத்தரிப்பூ கலர், காப்பிக்கொட்டை கலர் என்று காய்கறிச் சந்தையே தொங்கும். துணிக்கு அது பொருத்தம், வாங்குகிற பொருள்தானே. ஆனால் அதே கடையில் எம்.எஸ். ப்ளூ என்று எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் ஒரு நீலமும் இருக்கிறது. பட்டுக்கு மனுஷியின் பெயர். மனுஷிக்குப் பப்பாளியின் பெயர்.

5. சொல்லைப் பாத்திரத்தின் வாயில் போடுங்கள்

உணவுச் சொற்கள் மிக நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். நம் வீடுகளில் நிறமும் சாப்பாடும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன, அதைக் கதையில் கொண்டுவராமல் விட்டால்தான் தப்பு. கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால். நாவல்பழமும் கறுப்புத் திராட்சையும் தின்னாதே, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற எச்சரிக்கை. பிறந்த குழந்தைக்குக் கடலை மாவும் பாலாடையும் போட்டுத் தேய்க்கிற தேய்ப்பு. இவற்றில் எதுவும் பிறக்கிற பிள்ளையின் நிறத்தை மாற்றப்போவதில்லை, நிறம் அப்பா அம்மா வழி மரபணுவிலிருந்து வருவது. ஆனால் நம்பிக்கை உண்மை. அதைச் சொல்கிற வாயும் உண்மை.

ஒரு சோதனை. கீழே உள்ள வாக்கியம் ஒரு பயிற்சிக் கதையில் வந்தது:

"முத்துமாரி காப்பி நிறத்தில் இருந்தாள்."

படிக்கிறோம், மறந்துவிடுகிறோம். இதையே இப்படி மாற்றிப் பாருங்கள்:

"ஏட்டி, காப்பித்தண்ணி குடிக்காதட்டி, கறுத்துப் போவ" என்றாள் ஆச்சி.
"இனிமே என்ன ஆச்சி கறுக்கதுக்கு?" என்று டம்ளரை நீட்டினாள் முத்துமாரி. ஆச்சி ஊற்றினாள், முக்கால் டம்ளர்தான்.

காப்பி அதே காப்பி. ஆனால் இப்போது அந்த வீடு தெரிகிறது, ஆச்சியின் கவலை தெரிகிறது, முத்துமாரி அந்தப் பேச்சை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று தெரிகிறது. அவள் நிறம் போகிற போக்கில் தெரிந்துவிட்டது. கதைசொல்லி வாயே திறக்கவில்லை.

இதைச் செய்யும்போது யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். பெண் பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டியில் மாப்பிள்ளையின் அத்தை "பொண்ணு எலுமிச்சம்பழம் கணக்கா இருக்கா" என்பாள். அதே அத்தை தன் மகளிடம் பேசும்போது வேறு பண்டம் எடுப்பாள். பெண்ணின் அம்மாவோ விளம்பரத்துக்காக மாநிறத்தைக் கோதுமை ஆக்குவாள். ஆக, கோதுமை நிறத்துக்கும் உங்கள் கதையில் இடம் உண்டு. கல்யாணத் தரகர் வாயில், புகைப்படத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தரும் ஸ்டூடியோக்காரர் வாயில். ஒரு பெரிய கல்யாண இணையதளம் 2020இல் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை எடுத்துவிட்டது. 1975இலிருந்து விற்ற ஃபேர் அண்ட் லவ்லி களிம்பும் அதே வருஷம் பெயரில் இருந்த ஃபேரைக் கழற்றிவிட்டு க்ளோ அண்ட் லவ்லி ஆனது. தரகர்கள் பேச்சு மாறியதாக எனக்குத் தெரியவில்லை, அதனால் இந்த வசனங்களுக்கு இன்னும் வயசாகவில்லை.

6. வெளிச்சத்தையும் வேலையையும் பிடியுங்கள்

கதைசொல்லியே நிறத்தைச் சொல்லியாக வேண்டிய இடங்கள் இருக்கும். அப்போது நிறத்துக்குப் பெயர் தேடாதீர்கள், அந்தத் தோலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதற்கு ஒரு நாள் ஒதுக்கலாம். பஸ் ஸ்டாண்டிலோ சந்தையிலோ உட்கார்ந்து, ஒரு நோட்டில் நிறப் பெயர் எதுவும் எழுதாமல் கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்.

நான் அப்படி ஒரு நாள் எழுதி வைத்தவற்றில் சில: கறுத்த நெற்றியில் விபூதிப் பட்டை காய்ந்ததும் பளிச்சென்று எழும்பி நிற்கிறது, வெளுத்த நெற்றியில் அது தெரிவதேயில்லை. வாட்சைக் கழற்றிய டிரைவரின் மணிக்கட்டில் ஒரு பட்டை வேறொரு ஆளுடைய கைபோல வெளுத்திருக்கிறது. மூட்டை தூக்குகிறவரின் தோளில் வேர்வை வழிய, டியூப் லைட் அந்தத் தோளில் கோடாக நெளிகிறது. பூக்காரம்மாவின் கையைத் திருப்பினால் உள்ளங்கை ரோஜா நிறம். ஆறிய புண்ணின் வடு மாநிறத் தோலில் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துக் கிடக்கிறது. ஒருவருக்கே முகம் ஒரு நிறம், முழங்கை ஒரு நிறம், சட்டைக்குள் ஒரு நிறம். ஒற்றைப் பழத்தின் பெயரால் இதையெல்லாம் எப்படிச் சொல்ல முடியும்?

கம்பன் இந்த இடத்தில் என்ன செய்தான் என்று பாருங்கள். காட்டுக்குப் போகும் இராமனின் நிறத்தைச் சொல்ல வருகிறான். மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ என்று நான்கு உவமை வைக்கிறான். நான்கிலும் 'ஓ' போட்டுச் சந்தேகமாகவே வைக்கிறான். கடைசியில் 'ஐயோ' என்று கையை விரித்துவிடுகிறான். புதிதாக எழுதுகிறவர் முதல் உவமையிலேயே திருப்தியாகிவிடுகிறார். நீங்கள் நான்கு எழுதிப் பாருங்கள், பிறகு நான்கையும் அடியுங்கள். அந்த 'ஐயோ' மட்டும் மிஞ்சும் இடத்தில் வாக்கியம் நன்றாக வரும்.

குறுந்தொகை 98இல் இன்னும் சிக்கனமான ஒரு வழி இருக்கிறது. பிரிவில் வெளிறிப்போன தலைவி, தன் நிறம் இப்படி ஆகிவிட்டது என்று தலைவனுக்குத் தெரிவிக்க வேண்டும். தோழியிடம் சொல்கிறாள்: நம் தோட்டத்துப் புதரில் மழைக்குத் தழைத்திருக்கிறதே பீர்க்கு, அதில் நாலு பூவைப் பறித்துக் கொண்டுபோய், அவள் இப்படி ஆகிவிட்டாள் என்று அவனிடம் சொல்வாரைப் பெற்றால் நல்லது. போல என்ற சொல்லே அங்கே இல்லை. பூ அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தால் நிறமும் போய்ச் சேர்ந்துவிடும். பீர்க்கு சமையலுக்குத்தான். ஆனாலும் அது அவர்கள் வீட்டுப் பீர்க்கு.

7. வசைகளை எடைபோட்டுப் போடுங்கள்

மைதா மாவு, வெள்ளைப் பணியாரம், கருவாடு எல்லாம் பள்ளிக்கூட வராந்தாவில் தாராளமாகப் பறக்கின்றன. கதையில் பையன்கள் பேசினால் இவையும் வரும், வரட்டும். லண்டன், டொரொண்டோ, கோலாலம்பூர் பக்கம் கதை நடந்தால் 'தேங்காய்' என்ற வசையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வெளியே பழுப்பு, உள்ளே வெள்ளை, அதாவது வெள்ளைக்காரராகிவிட்ட நம்ம ஆள் என்று பொருள். இது நிறத்தைச் சொல்வதுபோல ஆரம்பித்து விசுவாசத்தைக் கேள்வி கேட்கிறது, அதனால் குத்தும் அதிகம். இங்கிலாந்தில் ஒரு போராட்ட அட்டையில் அரசியல்வாதிகளைத் தேங்காயாகக் காட்டிய பெண் மீது வழக்கே நடந்து, 2024இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. நாகர்கோவிலில் ஒருவர் இன்னொருவரைத் தேங்காய் என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

8. வாசித்துக் காட்டுங்கள்

எந்த நிறத்தைப் பற்றி எழுதினீர்களோ அந்த நிறக்காரர் ஒருவரிடம், அந்தப் பத்தியை மட்டும் உரக்க வாசியுங்கள். வாசிக்கும்போது உங்கள் குரல் எந்தச் சொல்லில் இறங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தாலும் உங்கள் நாக்கு சொல்லிவிடும்.

என் முதல் கதையைப் போன வருஷம் தேடி எடுத்துத் திருத்தினேன். கோதுமை போயிற்று. பருத்தி எடுத்துவிட்டு நாயகி கரையேறுகிறாள். மடியிலிருந்து பஞ்சைக் கொட்டுகிறாள். முழங்கை வரைக்கும் வெள்ளைத் தூசு. திடீரென்று மழை பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துளி விழுந்த இடத்திலும் தூசு கரைந்து, புள்ளி புள்ளியாக அவள் கறுப்பு வெளியே வருகிறது. எனக்கே பெருமையாக இருந்தது. அதே நண்பருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. இந்தத் தடவை வட்டம் மழையின்மேல் விழுந்திருந்தது. ஓரத்தில், "மாசி மாதத்தில் உங்கள் ஊரில் இப்படியா கொட்டும்?"